தேடுபொறி எதை நம்புகிறது?

திருநெல்வேலிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே, தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கும் ஊர் பத்தமடை. அங்கே நெய்யும் கோரைப்பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. கோரையைக் கீறி, ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவிட்டு, காயவைத்து, மறுபடி நூல்போல மெல்லிதாகக் கீறித்தான் பட்டுப்பாய் நெய்கிறார்கள். கல்யாணத்துக்கென்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால் மணமக்களின் பெயரையும் பாயிலேயே நெய்து தருவார்கள். இப்படி நெய்து விற்கும் ஒரு குடும்பம் சொந்தமாக இணையதளம் ஒன்றைப் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒருவர் ‘பத்தமடை கல்யாணப் பாய்’ என்று கூகுளில் தட்டுகிறார். ஒரு நொடிகூட ஆகவில்லை, பட்டியல் வந்துவிடுகிறது. முதல் பக்கத்தில் பெரிய விற்பனைத் தளங்களும் செய்திக் கட்டுரைகளும் இருக்கின்றன. பாயை நெய்தவரின் தளம் நான்காம் பக்கத்தில் இருக்கிறது.

நெய்தவருக்கு இது அநியாயமாகத்தான் படும். பாய் எப்படிப்பட்டது என்று தொட்டுப் பார்க்க முடியாத ஓர் இயந்திரம், எதை வைத்து ஒருவரை முன்னாலும் ஒருவரைப் பின்னாலும் நிறுத்துகிறது?

முன்னால் நிற்பதற்கு என்ன மதிப்பு என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தார்ஸ்டன் யோவாக்கிம்ஸ் குழுவினர் மாணவர்களைக் கணினி முன் உட்காரவைத்து, கண் எங்கே போகிறது என்று கருவியால் பதிவு செய்தார்கள். சிலருக்கு கூகுள் தந்த வரிசையை அப்படியே காட்டினார்கள். வேறு சிலருக்கு, அவர்கள் அறியாமல், முதல் இரண்டு முடிவுகளை இடம் மாற்றினார்கள். இன்னும் சிலருக்குப் பத்து முடிவுகளையும் தலைகீழாக்கினார்கள். 2005இல் வெளிவந்த முடிவு இது: பொருத்தம் குறைந்த பக்கம் மேலே வந்தபோதும் மேலே இருப்பதைத் தட்டும் பழக்கம் பெரிதும் நீடித்தது. இடத்தைப் பார்த்தே மனிதர்கள் நம்புகிறார்கள். அதனால்தான் அந்த இடத்துக்கு இத்தனை போட்டி.

வரிசைக்கு வருவதற்கு முன் இயந்திரம் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு பக்கத்திலுள்ள இணைப்பைப் பிடித்து அடுத்த பக்கத்துக்கும், அங்கிருந்து அதற்கடுத்த பக்கத்துக்கும் ஊர்ந்துகொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. இவற்றை ஊர்விகள் எனலாம். ‘இந்த இடத்துக்குள் வராதே’ என்று ஊர்விகளுக்குச் சொல்லும் ஒரு சிறு கோப்பு முறையை 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்வைத்தார். இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது. சிறு நிறுவனங்களின் தளங்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இத்தகைய தடைகளைத்தான். தளம் கட்டும்போது, பாதி வேலை வெளியே தெரிய வேண்டாம் என்று அமைத்தவர் தடை போட்டிருப்பார். வேர்ட்பிரஸில் அது அமைப்புப் பக்கத்தில் ஒரே ஒரு டிக். வேலை முடிந்ததும் அந்த டிக்கை எடுக்க மறந்தால், தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கூகுளைப் பொறுத்தவரை அது இல்லை.

தமிழ்த் தளங்களுக்கென்றே இன்னொரு தடை இருந்தது. பழைய கோப்புகளில் இன்னும் இருக்கிறது. பாமினி போன்ற எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் திரையில் அம்மா தெரியும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பதோ நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். ஊர்வி திரையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைப் படிக்கிறது. அச்சகத்தில் நோட்டீஸுக்கு அடித்த பாமினி வரிகளை ஒருங்குறிக்கு மாற்றாமல் தளத்தில் ஒட்டினால், அந்தப் பக்கத்தில் தமிழே இல்லை. விலைப்பட்டியல், பாயின் அளவுகள், முகவரி எல்லாவற்றையும் சேர்த்து வண்ண போஸ்டராக்கிப் படமாக ஏற்றுவதும் அதே கதைதான். படத்திலுள்ள எழுத்தைக் கணினி ஓரளவு படிக்கும் காலம் வந்துவிட்டது. ஆனாலும் எழுத்தாகவே கொடுத்தால் ஊகத்துக்கு இடமிருக்காது.

ஊர்வி கொண்டுவந்த பக்கங்கள் சொல்லடைவு ஆகின்றன. உ.வே.சா. பதிப்புகளின் கடைசியில் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று ஒரு பகுதி இருக்குமே, அதேதான். இங்கே அது இணையம் முழுவதற்கும். ‘பத்தமடை’ என்ற சொல்லுக்கு நேரே, அது வரும் பக்கங்கள் எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். நீங்கள் தட்டியதும் இயந்திரம் இணையத்தைத் தேடப் போவதில்லை, இந்த அடைவைத்தான் புரட்டுகிறது. வேகத்தின் ரகசியம் அவ்வளவே.

‘பத்தமடை’, ‘கல்யாண’, ‘பாய்’ மூன்றுக்கும் ஒரே எடை கொடுக்கலாமா? 1972இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் இதற்கு ஒரு விடை சொன்னார்: எந்தச் சொல் குறைந்த ஆவணங்களில் வருகிறதோ அதற்கு எடை அதிகம். ‘கல்யாணம்’ கோடிப் பக்கங்களில் இருக்கும். ‘பத்தமடை’ கொஞ்சம் பக்கங்களில்தான் இருக்கும். தேடுபவரின் மனத்தில் உள்ளதை அந்த அரிய சொல்தான் காட்டிக்கொடுக்கிறது. இன்றைய தேடுபொறிகள் எவ்வளவோ மாறிவிட்டன, இந்தக் கருத்து மட்டும் அடித்தளத்தில் அப்படியே இருக்கிறது. தன் பக்கத்தில் ‘தரமான பொருட்கள், நியாயமான விலை’ என்று மட்டும் எழுதியிருப்பவர் ஏன் எங்கும் தென்படுவதில்லை என்பதற்கும் இதுவே காரணம். அந்த நான்கு சொற்களும் எல்லாக் கடைகளிலும் இருக்கின்றன.

அப்படியானால் ‘பத்தமடை பாய்’ என்று நூறு தடவை எழுதிவிட்டால் போதாதா? 1990களில் அப்படித்தான் செய்தார்கள். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப நிரப்பினார்கள். லண்டனின் சிட்டி பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் ராபர்ட்சனும் கூட்டாளிகளும் அந்தக் காலத்தில் உருவாக்கிய மதிப்பிடும் முறையில், ஒரு சொல் முதல்முறை வரும்போது மதிப்பு நன்றாகக் கூடும், இரண்டாம் முறை அதைவிடக் குறைவாகக் கூடும், பிறகு ஏறக்குறைய நின்றுவிடும். நூறாவது தடவையால் பயன் ஏதுமில்லை. இன்று அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். பக்கத்தின் உள்ளே மறைவாகக் குறிச்சொற்களைப் பட்டியலிடும் வசதி ஒன்றும் இருந்தது. வரிசைப்படுத்தும்போது அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை என்று 2009இல் கூகுள் வெளிப்படையாக அறிவித்தது. இன்றும் ‘கீவேர்ட் போட்டுத் தருகிறோம்’ என்று அதற்குக் காசு வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

இந்த விஷயத்தின் மையம் எனக்குத் தெரிந்து இதுதான்: போலியாகச் செய்வது எளிதாக இருக்கும் எந்தச் சான்றும் நாளடைவில் மதிப்பிழக்கும். பக்கத்துக்குச் சொந்தக்காரர் தன்னைப் பற்றித் தானே சொல்வது மிக எளிது. ஆகவே பிறர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருந்தது.

புது ஊருக்குக் குடிவந்த ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சமையல்காரர் தேடுகிறார் என்றால் என்ன செய்வார்? நாலு பேரிடம் விசாரிப்பார். நிறையப் பேர் சொல்லும் பெயருக்கு மதிப்பு உண்டு. ஆனால் எல்லார் வார்த்தைக்கும் ஒரே மதிப்பு இல்லை. ஊரில் பத்துக் கல்யாணம் நடத்தி நல்ல பெயர் எடுத்தவர் ஒரு பெயரைச் சொன்னால் அது கனம். பார்க்கிறவர்களிடமெல்லாம் ஐம்பது பெயரை அடுக்குபவர் சொன்னால் அந்தக் கனம் ஐம்பதாகப் பிரிந்துபோகிறது. இதில் ஒரு சிக்கல். யார் வார்த்தை கனமானது என்று தெரிய, அவரைப் பற்றி மற்றவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும். அந்த மற்றவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு இன்னும் பலரைக் கேட்க வேண்டும். சுற்றிச் சுற்றி வருகிறது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்கேய் பிரினும் 1998இல் வெளியிட்ட வழிமுறை இந்தச் சுற்றை உடைத்தது. எல்லாப் பக்கங்களுக்கும் முதலில் சம மதிப்பு. ஒவ்வொரு பக்கமும் தன் மதிப்பைத் தான் இணைப்புக் கொடுத்த பக்கங்களுக்குச் சமமாகப் பங்கிடட்டும். கிடைத்ததைக் கூட்டி மறுபடி பங்கிடட்டும். மறுபடி, மறுபடி. ஒரு கட்டத்தில் எண்கள் மாறுவது நின்றுபோகும். 32 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளை வைத்துச் செய்து பார்த்தபோது ஏறத்தாழ 52 சுற்றில் எண்கள் நிலைத்துவிட்டதாக அவர்கள் எழுதினார்கள். பேஜ் பெயரால் அதற்குப் பேஜ்ரேங்க் என்று பெயர் வைத்தார்கள். கருத்தின் வேர் இன்னும் பழையது. எந்த ஆய்வுக் கட்டுரையை எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று எண்ணும் அடைவை யூஜின் கார்ஃபீல்டு 1964இலேயே தொடங்கியிருந்தார். மேற்கோள் காட்டும் இதழின் செல்வாக்கைப் பொறுத்து அதற்கு எடை கொடுக்கலாம் என்று கேப்ரியல் பின்ஸ்கியும் ஃபிரான்சிஸ் நாரினும் 1976இல் காட்டினார்கள்.

பிறர் சொல்வதைப் போலி செய்வது கடினம், ஆனால் முடியாதது அல்ல. அமெரிக்காவின் பெரிய அங்காடி நிறுவனமான ஜே.சி. பென்னி, ஆடை முதல் தரைவிரிப்பு வரை எதைத் தேடினாலும் மாதக்கணக்கில் முதலிடத்தில் வந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் துருவிப் பார்த்தபோது, சம்பந்தமே இல்லாத ஏராளமான தளங்களிலிருந்து அதற்கு இணைப்புகள் நடப்பட்டிருந்தன. தனக்கு இது தெரியாது என்றது நிறுவனம். கூகுள் கைவைத்தது. ஒரு பயணப்பெட்டித் தேடலில் இரவு ஏழு மணிக்கு முதலிடத்தில் இருந்த தளம் இரண்டே மணி நேரத்தில் 71ஆம் இடத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், இப்படி நடப்பட்ட இணைப்புகளைத் தானாகவே கண்டுபிடிக்கும் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தை கூகுள் கொண்டுவந்தது. ‘ஐந்நூறு இணைப்பு, இவ்வளவு ரூபாய்’ என்று விலைபேசி வரும் அழைப்பை ஏன் ஏற்கக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அவ்வளவு பெரிய நிறுவனம் அந்த அடியைத் தாங்கும். வருஷத்துக்கு நூறு பாய் விற்கும் குடும்பம் தாங்காது.

மூன்றாவது சான்று, தேடுபவர்களின் நடத்தை. ஒருவர் பக்கத்தைத் திறந்த உடனே திரும்பி வந்து அடுத்ததைத் தட்டினால், முதல் பக்கம் அவருக்கு உதவவில்லை என்று பொருள். இதை கூகுள் எப்படிப் பயன்படுத்துகிறது என்பதில் பல ஆண்டுகள் சர்ச்சை இருந்தது. தெளிவு கிடைத்த இடம் நீதிமன்றம். ஏகபோகம் தொடர்பாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் கூகுள் தேடல் பிரிவின் துணைத் தலைவர் பாண்டு நாயக் 2023 அக்டோபரில் சாட்சி சொன்னார். ‘நாவ்பூஸ்ட்’ என்ற ஏற்பாடு பயனாளர்களின் சொடுக்குகளை ஏறத்தாழ 13 மாத அளவுக்கு வைத்திருந்து வரிசைப்படுத்த உதவுகிறது என்பது அதில் பதிவானது. பூட்டிய பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிவது இப்படித்தான்: கொஞ்சம் ஆய்வுக் கட்டுரைகள், கொஞ்சம் காப்புரிமை ஆவணங்கள், நிறுவனமே வெளியிடும் வழிகாட்டிகள், சத்தியம் செய்து சொன்ன சாட்சியம். ‘இருநூறு ரகசியக் காரணிகள்’ என்று உலவும் பட்டியல்களுக்கு இப்படிப்பட்ட ஆதாரம் கிடையாது.

நிறுவனமே வெளியிட்ட வழிகாட்டிகளில் முக்கியமானது, மனித மதிப்பீட்டாளர்களுக்கான 150 பக்கத்துக்கும் மேற்பட்ட கையேடு. 2015இல் முழுமையாகப் பொதுவெளிக்கு வந்தது. இந்த மதிப்பீட்டாளர்கள் எந்தத் தளத்தையும் நேரடியாக ஏற்றவோ இறக்கவோ முடியாது. புதிய வழிமுறை பழையதைவிட நன்றாக வேலை செய்கிறதா என்று சோதிக்க அவர்களின் மதிப்பெண் பயன்படுகிறது. நிபுணத்துவம், பிறரிடம் உள்ள மதிப்பு, நம்பகம் என்று மூன்று அளவுகோல்கள் அதில் இருந்தன. 2022 டிசம்பரில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: நேரடி அனுபவம். எழுதியவர் அந்தப் பொருளைக் கையாண்டிருக்கிறாரா?

நம் நெசவுக் குடும்பத்தின் பலம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான சிறு தளங்களில் இந்த அனுபவம் ஒரு வரிகூட இருப்பதில்லை. ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தில் எவரோ எழுதிக்கொடுத்த பொதுவான பாராட்டுரை இருக்கும். வாடிக்கையாளர்கள் தொலைபேசியில் தினமும் கேட்பதை நினைத்துப் பாருங்கள். கல்யாணப் பாயில் பெயர் நெய்ய எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும்? பெயரைத் தமிழில் நெய்ய முடியுமா? பட்டுப்பாய்க்கும் சாதாரணக் கோரைப்பாய்க்கும் கையில் எடுத்தால் என்ன வித்தியாசம் தெரியும்? பாவில் எத்தனை இழை? மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தால் என்ன செய்வது? மடிக்கலாமா, சுருட்டித்தான் வைக்க வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் தறியில் உட்காருபவர் நாலு வரியில் பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதிலைப் பெரிய விற்பனைத் தளத்தால் எழுத முடியாது, எழுத நேரமும் கிடையாது.

தனக்கு ஒவ்வொரு நாளும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதுவரை யாரும் தேடியிராதவை என்று கூகுள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. ‘பாய்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் போட்டியிட்டால் பெரும் பணம் வைத்திருப்பவர்களோடு மோத வேண்டும். ‘பட்டுப்பாயில் பூஞ்சை பிடித்தால்’ என்ற தேடலுக்கு நிற்க அநேகமாக வேறு ஆளே இல்லை. அப்படித் தேடுபவர்கள் குறைவுதான், ஆனால் அவர்கள் பாய் வைத்திருப்பவர்கள் அல்லது வாங்கப்போகிறவர்கள்.

எப்படி எழுதுவது என்ற கவலையும் பெரிதாக வேண்டாம். பாய், பாயை, பாயில், பாய்க்கு என்று தமிழில் சொல் உருமாறிக்கொண்டே இருக்கும். பழைய தேடுபொறிகள் இவற்றை வெவ்வேறு சொற்களாகவே எண்ணின. 2019இல் கூகுள் தேடலில் சேர்த்த ‘பெர்ட்’ போன்ற மொழி மாதிரிகள், வாக்கியத்தில் ஒரு சொல் அக்கம்பக்கத்துச் சொற்களோடு எப்படிச் சேர்கிறது என்பதையும் பார்க்கின்றன. ஆகவே பேசுவதுபோல இயல்பாக எழுதினால் போதும். ஆனால் ஆங்கிலத்தில் பத்தமடையை இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். அந்த எழுத்துக்கூட்டல்களை எங்காவது ஓரிடத்தில் குறிப்பிட்டுவைப்பது நல்லது.

நெல்லைக்குள்ளேயே இருப்பவர் ‘பக்கத்தில் பாய் கடை’ என்று தேடினால் கணக்கு வேறு. அங்கே வரைபடம்தான் முதலில் வரும். பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்து அந்த வரிசை அமைவதாக கூகுள் சொல்கிறது. வணிகப் பதிவு இலவசம். கடையின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். மதிப்புரைகளைக் காசு கொடுத்து எழுதவைப்பது, இணைப்பை விலைக்கு வாங்குவதற்கு நேர்த் தம்பி. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஒரு தரநிலையை வெளியிடும் அளவுக்கு அது பெருகிவிட்டது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. செல்பேசியில் எடுத்த பாய்ப் படம் 4 எம்.பி. இருக்கும். நொடிக்கு 4 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அது இறங்க எட்டு நொடி. பக்கத்தின் பெரிய பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. அதே படத்தை 200 கே.பி.யாகச் சுருக்கினால் அரை நொடிகூட ஆகாது. செல்பேசித் திரையில் வித்தியாசமும் தெரியாது. ஆனால் வேகம் மட்டும் யாரையும் மேலே கொண்டுவராது. பதில் இல்லாத பக்கம் எவ்வளவு சீக்கிரம் திறந்தாலும் பதில் இல்லாத பக்கம்தான்.

முதலிடத்துக்கு உத்தரவாதம் தர யாராலும் முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. ஆகவே ‘முப்பது நாளில் முதல் பக்கம்’ என்பவரை அனுப்பிவிட்டு, சொந்தமாக அளக்கத் தொடங்கலாம். கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ இலவசக் கருவி. எந்தத் தேடலில் உங்கள் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தட்டினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று அது காட்டும். நிறையக் காட்டப்பட்டும் குறைவாகத் தட்டப்பட்ட தேடலைப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத் தலைப்பில் ‘முகப்பு’ என்று மட்டும் இருக்கும். அதை ‘பெயர் நெய்த பத்தமடை கல்யாணப் பாய்: அளவு, விலை, நாள்’ என்று மாற்றுங்கள். அதே சமயம் வேறெதையும் தொடாதீர்கள். ஒரே நேரத்தில் தலைப்பு, படம், விலை மூன்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். சில வாரங்கள் காத்திருந்து பார்க்கலாம். கல்யாண மாதங்களில் இந்தத் தேடல் தானாகவே கூடும் என்பதால் தை மாத எண்ணை மார்கழியோடு ஒப்பிட்டுப் பயனில்லை. போன வருஷத் தையோடு ஒப்பிட வேண்டும். கன்சோல் 16 மாதக் கணக்கை வைத்திருப்பதால் அது முடியும்.